நத்தை ஏறாத கப்பல்கள்

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில் சற்றுத் தூரம் போனால் தப்போவைக் குளம் வரும். மாலை வேளையில் அதன் அணைக்கட்டில் நிற்பவர் நீர்க்காகங்களைப் பார்ப்பர், நாரைகளைப் பார்ப்பர், நீர் அருந்தவரும் மாட்டு மந்தையையும் பார்ப்பர். இத்தகைய குளங்களின் கரையோரத்து நீர்ச்செடிகளில் ஒட்டிக்கிடக்கும் நத்தையைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. யானும் நெடுங்காலம் பார்த்ததில்லை. வரலாற்றுப் பாடம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு நத்தையோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவு எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், யான் உதவி ஆசிரியனாயிருந்த ஒரு பாடசாலையில் கலைவிழா ஒன்று நடந்தது. புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்தவரை மஞ்சாப் பாடல் பாடுவதற்கென்று அழைத்திருந்தோம். அவர்கள் வந்தனர், பாடினர், கைதட்டலுக்கேற்ப ஆடினர், மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. பாட்டு முடிந்து அவர்கள் கிணற்றடிக்குச் சென்று முகம் கழுவ முற்பட்டபோது, என்னருகில் நின்ற சக ஆசிரியர் ஒருவர் தாழ்ந்த குரலில், “இவர்களுடைய முன்னோர் வந்த நாட்டில் சிறுநீரில் இரத்தம் போகும் நோய் உண்டு, தண்ணீர் வழியாகத்தான் அது பரவுகிறதாம். கிணற்றை நாளைக்கே இறைத்துவிடச் சொல்லுங்கள்” என்றார். அவர் கொடியவர் அல்லர். எங்கோ அரைப்பக்கம் படித்திருந்தார், அவ்வளவே. யான் அவருக்கு மறுமொழி கூறவில்லை. அவர் சொல்வது தவறு என்று மனம் சொல்லிற்று; ஏன் தவறு என்று எடுத்துச் சொல்ல அறிவு போதவில்லை. மறுநாட் காலை கிணறு இறைக்கப்பட்டது. வந்தவர்கள் அதனை அறியார். நான் அறிவேன்.

அன்று கூறாத மறுமொழியைத் தேடிச் சென்றபோதுதான் நத்தையிடம் வந்து சேர்ந்தேன்.

முதலில் நமது கரையைப் பற்றிச் சில வார்த்தை. புத்தளமும் கற்பிட்டியும் இன்று உப்புக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற அமைதியான ஊர்கள். ஒரு காலத்தில் இவை உலகம் வந்திறங்கிய வாசல்கள். 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா என்ற மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இக்கரையில் இறங்கினார். தாம் கண்ட ஊரை அவர் ‘பத்தாலா’ என்று குறித்துள்ளார்; மரவேலியும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகரம் என்றும், ஆரியச் சக்கரவர்த்தி அங்கிருந்தார் என்றும், ஆறுகள் அடித்துக் கொணர்ந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன என்றும் எழுதினார். பாவா ஆதம் மலைக்குச் செல்லும் வழியில் அட்டை கடித்ததையும், அதற்கென்று எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து பிழிந்துவிடும் வழக்கத்தையும்கூட அவர் விடவில்லை. கண்ணுக்குத் தெரியும் அட்டையை எழுதிய அம்மனிதர், கண்ணுக்குத் தெரியாத வேறொன்றின் நாட்டையும் கடந்தே வந்திருந்தார். 1326ஆம் ஆண்டில் அவர் எகிப்தில் நைல் நதி வழியே பயணம் செய்தவர். அந்நதியின் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்நோய் புதிதன்று. 1910ஆம் ஆண்டில் ரபர் என்ற மருத்துவர், மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய இரண்டு பிணக்காப்புடல்களின் சிறுநீரகங்களில் அப்புழுவின் முட்டைகள் சுண்ணமாய் உறைந்து கிடப்பதைக் கண்டெடுத்தார்.

பின்னர்ப் போர்த்துக்கேயர் வந்தனர். ஒல்லாந்தர் வந்து 1667ஆம் ஆண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினர். இருவரும் ஆப்பிரிக்காவின் கீழைக்கரையிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொணர்ந்தனர். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொசாம்பிக்கிலிருந்தும் கோவாவிலிருந்தும் ஆப்பிரிக்கரை விலைகொடுத்து வாங்கிவந்து படைப்பிரிவாக்கினர். அப்படையினரில் ஒரு பகுதியினர் புத்தளத்தில் நிறுத்தப்பட்டனர். படை கலைக்கப்பட்டபின் இம்மண்ணிலேயே குடியமர்ந்தனர். பழைய ஏடுகள் இவர்களைக் ‘காப்பிரி’ என்று குறிக்கின்றன. பிற நாடுகளில் அச்சொல் வசையாயிற்று. இத்தீவில் அம்மக்களே தம்மைக் குறிக்க அதனைக் கையாளுகின்றனர். கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டில் பிறந்து, 1834இல் இலங்கை ஊர்களின் அகராதியொன்றை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி உத்தியோகம் பார்த்த காலத்தில், இக்கரையில் தமிழரும் சோனகரும் சிங்களவரும் மலாயரும் ஆப்பிரிக்கரும் ஒரே சந்தையில் நின்று பேரம் பேசியிருக்க வேண்டும்.

இப்பொழுது கேள்வியை ஒழுங்காகக் கேட்போம். மொசாம்பிக் நாடு, சிறுநீரில் இரத்தத்தைக் காட்டும் பில்ஹார்சியா நோய் பரந்து வேரூன்றிய நாடு. அங்கிருந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மனிதர் கப்பல் கப்பலாக வந்தனர். அவர்களுட் பலருடைய உடலில் அப்புழு இருந்திருக்கும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒரு புழு மனித உடலில் சாதாரணமாக மூன்று முதல் பத்தாண்டு வரை வாழும், அரிதாக முப்பதாண்டுக்கு மேலும் வாழும். கடற்பயணம் அதற்கு ஒரு தடையே அன்று. வந்தவர்கள் நமது குளங்களில் குளித்திருப்பர். நமது ஆறுகளில் இறங்கியிருப்பர். ஆயினும் இலங்கையில் இந்நோய் ஒருகாலும் நிலைகொள்ளவில்லை. ஏன்?

விடை மிக மெதுவாகவே உலகத்துக்குக் கிடைத்தது. 1851ஆம் ஆண்டில் கெய்ரோ நகர மருத்துவமனையில் பிணப்பரிசோதனை செய்துகொண்டிருந்த தியோடர் பில்ஹார்ஸ் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர், ஈரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயினுள் ஒரு வெண்புழுவைக் கண்டார். ஆண்புழு தன் உடலையே பள்ளமாக மடித்துப் பெண்புழுவை அதனுள் அணைத்துக்கொண்டு வாழ்வதைக் கண்டு அவர் வியந்தார். நோயின் பெயர் அவர் பெயரிலிருந்தே வந்தது. புழு கிடைத்துவிட்டது, ஆனால் அது ஒரு மனிதனிலிருந்து மற்றொரு மனிதனுக்கு எவ்வாறு செல்கிறது என்பது மேலும் 64 ஆண்டுகள் இருளிலேயே கிடந்தது.

இதற்கிடையில் செம்மறியாடு ஒரு பாடம் கற்பித்தது. 1879, 1880ஆம் ஆண்டுகளின் ஈரக் காலத்தில் இங்கிலாந்தில் ஈரல் தட்டைப்புழுவினால் ஏறத்தாழ 30 இலட்சம் செம்மறிகள் மடிந்தன. கம்பளி நாடு கலங்கிற்று. ஒக்ஸ்போர்ட்டில் தோமஸ் என்ற இளைஞரும், லைப்சிக் நகரில் லொய்க்கார்ட் என்ற முதுபேராசிரியரும் ஒருவரையொருவர் சாராமல் ஆராய்ந்து, 1880களின் தொடக்கத்தில் ஒரே முடிவுக்கு வந்தனர். புழுவின் முட்டை சாணத்தோடு நீரில் விழுந்து பொரிக்கிறது. வெளிவரும் நுண்குஞ்சு ஒரு சிறு நத்தையின் உடலுக்குள் புகுகிறது. அங்கே ஒன்று பலவாகப் பெருகி வாலுடைய குஞ்சுகளாய் நீரில் வெளிப்படுகிறது. அவை புல்லில் ஒட்டி, புல் மேயும் ஆட்டினுள் செல்கின்றன. நத்தை இங்கே வெறும் வாகனம் அன்று. அது ஒரு தாய்வீடு. புழுவின் வாழ்வில் ஒரு பாதி அங்கேதான் நடந்தாக வேண்டும்.

இவ்வளவு தெரிந்தபின்னும் பில்ஹார்சியாவுக்கு நத்தை வேண்டியதில்லை என்று அடித்துப் பேசினார் ஒரு பேரறிஞர். கெய்ரோவில் இருந்த லூஸ் என்பவர் அவர். கொக்கிப்புழுவின் நுண்குஞ்சுகள் கலந்த நீர் ஒருநாள் தவறித் தம் கையில் சிந்த, சில வாரங்களில் தமக்கே அந்நோய் கண்டதால், புழு தோலைத் துளைத்து உடலுட் புகும் என்ற உண்மையை உலகுக்குச் சொன்னவர் அவரே. ஒரு விபத்து அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. அதே விபத்து அவரைத் தவறான வழியிலும் செலுத்திற்று. பில்ஹார்சியாவும் அப்படியே, முட்டையிலிருந்து வந்த குஞ்சு நேராக மனிதத் தோலைத் துளைக்கிறது என்று அவர் நம்பினார். பாதி உண்மை. தோலைத் துளைப்பது மெய். நேராக என்பது பொய். ஒரு முறை சரியாகச் சொன்னவர் மறுமுறையும் சரியாகவே சொல்வார் என்று பிறர் எண்ணியதால் ஆண்டுகள் வீணாயின. நமது ஆசிரியர் ஓய்வறைகளிலும் இது நடப்பதுண்டு.

இருளை நீக்கியவர்கள் ஜப்பானியர். அவர்கள் நாட்டில் நெல்வயல்களில் உழைப்போரை இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புழு வாட்டிவந்தது. 1909ஆம் ஆண்டில் புஜினாமியும் நக்கமுராவும் மாடுகளைக் கொண்டு சோதித்து, நோய் வாய் வழியே அன்று, நீரில் நனையும் தோல் வழியே புகுகிறது என்று காட்டினர். 1913இல் மியாயிரியும் சுசுக்கியும் கியூஷூத் தீவின் வாய்க்கால்களில் ஒரு சிறு நத்தையைக் கண்டுபிடித்து, அதனுள் அப்புழு வளர்வதை மெய்ப்பித்தனர். முதல் உலகப் போர் மூண்டு பிரித்தானியப் படை எகிப்தில் குவிந்தபோது, 1915ஆம் ஆண்டில் றொபேட் லெய்ப்பர் என்பவரைப் படைத்துறை அமைச்சு அங்கு அனுப்பிற்று. கெய்ரோவுக்கு அருகிலுள்ள எல்மார்க் என்னும் சிற்றூரின் வாய்க்கால்களில் நத்தைகளை வகைவகையாகப் பிரித்துத் தேடிய அவர், சில மாதங்களில் இரண்டு குற்றவாளிகளைப் பிடித்தார். சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழு புலினஸ் என்ற நத்தையிலும், குடலைத் தாக்கும் புழு இன்று பயோம்பலேரியா எனப்படும் நத்தையிலும் வளர்கின்றன என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு புழுவுக்கும் அதற்கென்று அமைந்த நத்தை வேண்டும். மற்ற நத்தைக்குள் புகுந்த குஞ்சு மடிந்துபோகும். நீரில் வெளிவந்த வாலுடைய குஞ்சும் ஓரிரு நாளுக்குள் மனிதனைச் சேராவிடின் மடியும்.

நேயர்களே, புத்தளத்துக்கு உரிய விடை இங்கேதான் இருக்கிறது. புலினஸ் நத்தை இலங்கையில் இல்லை. ஆப்பிரிக்க மனிதனைக் கப்பலில் ஏற்றினார்கள். அவனோடு அவன் உடலிலிருந்த புழுவும் ஏறிற்று. அவன் ஊர்க் குளத்து நத்தை ஏறவில்லை. முட்டைகள் நமது நீரில் விழுந்திருக்கும். குஞ்சுகள் பொரித்து நீந்தியிருக்கும். தேடிய வீடு கிடைக்காமல் சில மணி நேரத்தில் அவை மாண்டிருக்கும். வந்தவர் உடலிலிருந்த புழுக்களும் அவர்களோடு முதிர்ந்து அழிந்தன. இந்த நாட்டில் பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கு அந்நோய் வர வழியே இருக்கவில்லை. ஆறேழு தலைமுறைக்குப் பின்னர் வந்த பாடகர்கள் முகம் கழுவிய கிணற்றை நாம் இறைத்தோம்!

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு அத்திலாந்திக் கடலின் மறுகரை சான்று பகர்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் பிரேசிலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் உடலில் இருவகைப் புழுவும் சென்றன. குடற்புழு அங்கே நிலைத்துவிட்டது, சிறுநீர்ப்புழு நிலைக்கவில்லை. காரணம், பயோம்பலேரியா இனத்து நத்தை அமெரிக்கக் கண்டத்து நீர்நிலைகளில் முன்னரே இருந்தது, புலினஸ் இருக்கவில்லை. ஒரே கப்பல், ஒரே மக்கள், ஒரே கொடுமை. ஒரு புழு குடியேறிற்று, மற்றது அழிந்தது. அடிமைப்பட்டு வந்தவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இங்கே ஒரு சிறு இடைக்குறிப்பு. புலினஸ் நத்தையின் ஓடு சுருளும் திசை, பெரும்பாலான நத்தைகளின் சுருளுக்கு எதிரானது. மன்னார்க் கடலில் சங்கு குளிக்கும் மக்கள், இலட்சத்தில் ஒன்றாய் அகப்படும் வலம்புரிச் சங்கைப் பொன்போல் போற்றுவர் அல்லவா? அவ்வலம்புரி சுருளும் அதே திசையில்தான் புலினஸும் சுருள்கிறது. நாம் செல்வம் தரும் என்று பூசையறையில் வைக்கும் சுழி, நைல் நதிக்கரை உழவனுக்கு நோயின் அடையாளம்.

லெய்ப்பரின் கண்டுபிடிப்புக்குப் பின் இந்தியாவில் அச்சம் எழுந்தது. எகிப்திலிருந்து திரும்பும் படைவீரர் நோயைக் கொண்டுவந்து பரப்பிவிடுவரோ என்று அரசினர் கவலைப்பட்டனர். பம்பாயில் லிஸ்டனும் சொபார்க்கரும் உள்நாட்டு நத்தைகளை ஆராய்ந்தனர். மனிதப் புழு அவர்களுக்கு அகப்படவில்லை. அதற்குப் பதிலாக, இந்திய மாடுகளில் மொன்ட்கொமரி என்பவர் 1906இல் கண்டு பெயரிட்டிருந்த புழுவின் வாழ்க்கை வட்டத்தை 1918இல் அவர்கள் வெளியிட்டனர். முட்டை நூல்நூற்கும் கதிரின் வடிவாயிருத்தலின் அதற்கு அப்பெயர் இட்டிருந்தனர். அதன் தாய்வீடு எது என்றால், யான் தொடக்கத்திற் கூறிய நமது குளத்து நத்தைதான். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் ஒரே தட்டிற் சுருண்டு, கபில நிறமாய், முற்றியது ஓரங்குல அகலம்வரை வளரும் இந்தோபிளானோர்பிஸ் அது. மனிதனைப் போலவே அதற்கும் செந்நிற இரத்தம் உண்டு. உறவுமுறை பார்த்தால் புலினஸுக்கு மிக நெருங்கிய பங்காளி என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. பங்காளி வீடு இவ்வளவு அருகில் இருந்தும் ஆப்பிரிக்கப் புழுவுக்கு அங்கே இடம் கிடைக்காமற் போனது நம் நல்வினை என்றே சொல்லவேண்டும்.

முழுமையாக இடமில்லை என்று இறுமாந்திருக்கவும் இயலாது. 1952ஆம் ஆண்டில் மகாராட்டிரத்து இரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்னும் கிராமத்தில் சிறுநீர் பில்ஹார்சியா கண்டிருப்பதைக் கட்கில், ஷா என்ற இரு மருத்துவர்கள் அறிவித்தனர். அங்கே வேறொரு சிறு நத்தை இடங்கொடுத்ததாகக் கூறப்பட்டது. அந்நோய் அவ்வூரைத் தாண்டிப் பரவவில்லை; பின்னர் மறைந்தும் போயிற்று.

நமது தீவிலோ, இரண்டாம் உலகப் போர்க்காலம் மற்றொரு சோதனையாக வந்தது. 1942இல் கிழக்காப்பிரிக்கப் படைப்பிரிவு ஒன்றும், 1943இல் 11ஆவது கிழக்காப்பிரிக்கப் பெரும்படையும் இலங்கைக்கு வந்து, பின்னர்ப் பர்மாப் போர்முனைக்குச் சென்றன. கென்யா, உகண்டா, தங்கனீக்கா, நியாசலாந்து ஆகிய நாடுகளின் இளைஞர் ஆயிரக்கணக்கில் இங்கே தங்கியிருந்தனர். அதே காலத்தில் புத்தளத்தை அடுத்த பாலாவியில் பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் இயங்கிற்று. சேற்றில் புதைந்த விமானங்களை இழுக்க யானைகளை அமர்த்தினர். விமானத்தை யானை இழுக்கும் அக்காட்சியின் நிழற்படங்கள் இன்றும் உலகம் சுற்றுகின்றன. படைகள் போயின, யானைகள் போயின, நோய் எதுவும் நிலைகொள்ளவில்லை. நத்தை இம்முறையும் கப்பலேறவில்லை.

தாய்வீடு இருந்தால் என்ன நேரும் என்பதை அறிய நாம் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. சிலாபத்தருகே கடலிற் கலக்கும் தெதுறு ஓயா ஓட்டமிழந்து, மணலிடையே குட்டை குட்டையாய்த் தேங்கிற்று. அக்குட்டைகள் மலேரியா நுளம்புக்குத் தொட்டிலாயின. அடுத்த சில மாதங்களில் தீவெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். தெதுறு ஓயாப் பள்ளத்தாக்கு அடைந்த துயரத்தை என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பல வீடுகளில் விளக்கேற்ற ஆளில்லாமற் போயிற்றாம். மலேரியாக் கிருமிக்கு இடங்கொடுக்கும் நுளம்பு இந்த மண்ணிலேயே இருந்தது. ஆதலால் கிருமிக்கு வேண்டியதெல்லாம் ஒரு வறட்சியே. 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளிக்கும்வரை, அப்பகைமை நம்மோடு கூடவே இருந்தது. இராசரட்டையின் பெருங்குளங்கள் பாழானதற்கு மலேரியாவையும் ஒரு காரணமாகக் கூறும் வரலாற்றாசிரியர் உளர். அக்குளங்களில் புலினஸும் இருந்திருந்தால், வாய்க்காலில் இறங்கி உழைப்பவனே முதலில் வீழ்ந்திருப்பான். எகிப்தில் 1902ஆம் ஆண்டில் அசுவான் அணை கட்டி, ஆண்டு முழுவதும் வாய்க்காலில் நீர் நிற்கச் செய்தபின் அந்நோய் பெருகியதை நோக்கும்போது, நீர்ப்பாசனத்தால் உயர்ந்த நம் நாகரிகம் எதிலிருந்து தப்பிற்று என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது.

மனிதன் தப்பினான், மாடு தப்பவில்லை. நமது குளத்து நத்தை மாட்டுப் புழுக்களுக்குத் தாராளமாக இடங்கொடுக்கிறது. அவற்றுள் ஒன்று மாட்டின் மூக்கினுள் வாழ்வது. 1930களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் எம். அனந்தநாராயண ராவ் என்ற கால்நடை மருத்துவர் அதனை ஆராய்ந்து விவரித்தார். மூக்கின் உட்சவ்வில் பூக்கோவாப் போன்ற தசை வளர்ந்து, மூச்சு அடைபட்டு, மாடு நின்ற நிலையிலேயே குறட்டை விடும். மூக்கிலிருந்து சளியும் இரத்தமும் ஒழுகும். நீர் அருந்தக் குளத்தில் வாய்வைக்கும்போது அச்சளியோடு முட்டைகள் நீரிற் சேரும். நத்தை அருகிலேயே காத்திருக்கும். மந்தை முழுவதும் ஒரே துறையில் இறங்கினால், ஒரு மாட்டின் நோய் அனைத்துக்குமாகிறது. 1980களின் இறுதியில் இலங்கை மாடுகளில் இவ்விரு புழுக்களையும் பற்றி ஆராய்ந்து வெளியிட்டவை பின்வந்த ஆண்டுகளில் ஆய்விதழ்களில் வந்தன. ஆனால் மாட்டுப்பட்டி வைத்திருப்பவரிடம் அச்செய்தி போய்ச்சேரவில்லை. வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் பட்டி வைத்திருந்த ஒரு பெரியவர், குறட்டை விடும் தம் பசுவுக்குக் கண்ணூறு கழித்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். “ஐயா, தண்ணித் துறையை மாத்திப் பாருங்கோ, வைத்தியரிட்டயும் காட்டுங்கோ” என்றேன். “மாஸ்ரர், துறையை மாத்த எனக்கு வேறெந்தக் குளம் இருக்கு?” என்று அவர் கேட்டார். அதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. வரட்சிக் காலத்தில் ஊருக்கு ஒரு குளம். அதிலும் பாதி சேறு. நத்தையோ சேற்றுள் புதைந்து கோடையைக் கழித்து, முதல் மழையோடு எழுந்துவரும்.

இந்த மாட்டுப் புழுக்களின் குஞ்சுகள் மனிதத் தோலையும் துளைக்க முயலும். உள்ளே சென்று வாழ வகையறியாமல் தோலிலேயே மடியும்; மடியும்போது கொப்புளமும் கடுமையான சொறியும் தோன்றும். மலாயாவில் நெல்வயலில் இறங்குவோர்க்கு உண்டாகும் சொறிக்கு இக்குஞ்சுகளே காரணம் என்று 1938ஆம் ஆண்டில் பக்லி என்பவர் எழுதினார். நம் பக்கத்தில் வயலில் இறங்கியபின் முழங்காலுக்குக் கீழே தினவெடுத்தால், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். சில வேளைகளில் தண்ணீரில் இருந்ததுதான் ஒத்துக்கொள்ளாமற் போயிருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, சில நாளில் ஆறிவிடும். முடிந்தால் வயலைவிட்டு ஏறியவுடன் காலை நன்றாகத் துடைத்துவிடுவது நல்லது.

கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. புத்தளக் களப்பிலும், முந்தல் வாவியிலும், உப்பளங்களிலும் இந்த நன்னீர் நத்தைகள் வாழமாட்டா. கற்பிட்டியில் மணலடியில் தேங்கும் நன்னீர்க் கிணறுகள் இறைப்பாலும் நிழலாலும் அவற்றுக்கு அவ்வளவு உகந்தவையல்ல. நத்தையின் இராச்சியம் உப்புக்காற்றுக்கு அப்பால், மீ ஓயாவுக்கும் கலா ஓயாவுக்கும் இடையிலுள்ள குளங்களிலும், வில்பத்துக் காட்டின் நன்னீர் வில்லுகளிலும் தொடங்குகிறது. பாடசாலைக் கிணற்றை இறைத்தோமே, அது ஆழமான, நிழல் மூடிய கிணறு. நீர்ச்செடி ஒன்றும் அதில் இல்லை. எந்த நத்தையையும் நான் அதில் கண்டதில்லை.

இனி நத்தை கப்பலேறாது என்று சொல்ல முடியுமா? இந்தக் காலத்தில் அது கப்பலுக்குக் காத்திருப்பதில்லை. 1970களின் முற்பகுதியில் தென்னமெரிக்கப் பயோம்பலேரியா நத்தை ஒன்று ஹொங்கொங்கில் காணப்பட்டது. மீன்தொட்டிக்கு அழகு செய்யும் நீர்ச்செடிகளோடு அது வந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. நம் குளத்து இந்தோபிளானோர்பிஸும் இப்போது ஆப்பிரிக்காவில் குடியேறியிருக்கிறது, போக்குவரத்து இருவழிப்பாதைதான். பிரான்சுக்கு உரிய கோர்சிகாத் தீவில் புலினஸ் இனத்து நத்தை முன்னரே இருந்தது. 2014ஆம் ஆண்டில் அத்தீவின் காவு என்னும் ஆற்றில் குளித்தவர்களுக்குச் சிறுநீர் பில்ஹார்சியா கண்டிருப்பது தெரியவந்தது. அங்கே வந்தது புழு மாத்திரமே. வீடு ஆயத்தமாக இருந்தது. நமது நாட்டிலிருந்து மாலிக்கும் தென் சூடானுக்கும் அமைதிப்படையினராகச் சென்று திரும்பியோர் உளர். தொழிலுக்காக ஆப்பிரிக்கா சென்று வருவோரும் உளர். அவர்கள் இரத்தமும் சிறுநீரும் சோதித்து, நோயிருப்பின் பிரசிகுவாண்டெல் என்னும் மாத்திரை உட்கொண்டால் தீர்ந்தது. ஓரிரு வேளை மருந்து. கண்காணிக்கவேண்டியது அவர்களை அன்று; விமான நிலையத்தில் ஈரத்தாளிற் சுற்றி வரும் அலங்கார நீர்ச்செடிகளை.

அண்மையில் அந்தச் சக ஆசிரியரை ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். இருவரும் இப்போது நரைத்தவர்கள். பழைய கலைவிழாவை அவரே நினைவுபடுத்தினார். மஞ்சாப் பாட்டின் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டினார். நான் புலினஸ் நத்தையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். கப்பலைப் பற்றியும் பிரேசிலைப் பற்றியும் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. சிறிது நேரம் பேசாமலிருந்தவர், “அந்தக் கிணறு இப்பவும் இருக்குதோ?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.